என் வீட்டுக்காரர் கிளறிய சோளக்குழி

எண்பதுகளின் தொடக்கத்தில் லாஸ்பேட்டையில் மாடு வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும், கோடை என்றால் என்னவென்று. மேய்ச்சல் புறம்போக்கிலெல்லாம் அரசாங்கக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. விமானத் திடல் பக்கம் மாட்டை ஓட்டினால் காவலாளி துரத்துவார். பங்குனி பிறந்தால் எங்கள் சிவப்புப் பசு வெறும் வைக்கோலை மென்று விலா எலும்பு தெரிய நிற்கும். அந்த வருடம் அது சினையாக வேறு இருந்தது. கோடைக்குப் பச்சைத் தீவனம் கிடைக்காவிட்டால் பாகூரில் வயல் வைத்திருக்கும் என் தம்பியிடம் மாட்டைக் கொடுத்துவிடுவேன் என்று நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, எனக்கு மனசே இல்லை. கன்றிலிருந்து என் கையில் வளர்ந்த மாடு அது.

என் வீட்டுக்காரர் மில் தொழிலாளி. எந்த வேலையையும் ஒழுங்காகத்தான் தொடங்குவார். தொடங்கியதைச் சும்மா விட மட்டும் அவரால் முடியாது. விதை போட்டால் மூன்றாம் நாள் மண்ணைத் தோண்டி முளை விட்டதா என்று பார்க்கிற ஆள்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒருவர் எங்களுக்கு வழி சொன்னார். கொல்லையில் தீவனச் சோளம் போடச் சொன்னார். பூ எடுத்ததும் அறுத்து நறுக்கி, குழியில் அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து, வெல்லக் கரைசலும் உப்பும் தெளித்து, காற்றுப் புகாமல் மூட வேண்டும். இரண்டு மாதத்தில் பதமாகிவிடும், கோடை முழுக்கப் போடலாம் என்றார். "ஊறுகா போடற மாதிரிதாம்மா" என்று வேறு சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அந்தப் புண்ணியவான் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

தை மாதம் நாங்கள் இருவரும் இடுப்பொடிய அறுத்தோம், நறுக்கினோம், குழியில் இறங்கி மாறி மாறி மிதித்தோம். மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, மண் போட்டு மெழுகி மூடினோம். பதமாகும்வரை தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்காரர் சொன்னதை நானும் பத்துத் தடவை சொன்னேன். என் வீட்டுக்காரரும் பத்துத் தடவை தலையாட்டினார்.

பங்குனி நடுவில் குழியைத் திறந்தேன். குப்பென்று அழுகல் நாற்றம். சோளம் கறுத்து, வெள்ளைப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போதுதான் அவர் மெதுவாக வாயைத் திறந்தார். காலையில் நான் வீடு வீடாகப் பால் ஊற்றப் போகும் நேரத்தில், தினமும் ஒரு ஓரமாக மண்ணை விலக்கித் தாளைத் தூக்கி, காய்ந்த கழியை விட்டுக் கிளறி, மறுபடி மூடி மெழுகி வைத்திருக்கிறார். இரண்டு மாதமும்.

"ஏங்க, யாருங்க கெளறச் சொன்னது?"

"நீதான? ஜாடியக் கெளறாம உட்டா பூஞ்சணம் புடிக்கும்னு தெனம் கத்துவியே" என்றார், பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு.

என் எலுமிச்சை ஊறுகாய்க்கு நான் போட்ட கூச்சலை, மனுஷர் மாட்டுத் தீவனத்துக்குக் கடைப்பிடித்திருக்கிறார். அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "அடியில நல்லா இருக்கும், எடுத்துப் பாக்கலாம்" என்று அவர் மண்வெட்டியை எடுத்தார். கிளறியது போதும், இனி அந்தக் குழிப் பக்கம் போனால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று மண்வெட்டியைப் பிடுங்கி வீசினேன். அன்றைக்கே தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் அவன் புதுக் கயிறோடு வந்தான். பழைய கயிற்றை அவிழ்த்து, என் கையாலேயே புதுக் கயிற்றைக் கட்டிக் கொடுத்தேன். கயிறு மாறினால் மாடும் கை மாறியதாகத்தான் கணக்கு. தெருமுனை வரைக்கும் மாடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

ஒரு வாரம் கழித்து, நாற்றம் தாங்காமல் குழியைத் தூர்க்க நானே இறங்கினேன். முழங்கை ஆழத்துக்கு அழுகல். அதற்குக் கீழே, அவர் கழி எட்டாத இடத்தில், சோளம் வெளிர் பச்சையாக, பழுத்த பழ வாசனையோடு இருந்தது. தோண்டத் தோண்ட வந்தது. குழியில் முக்கால் பங்கு.

அவர் எட்டிப் பார்த்தார். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். பிறந்த வீட்டுக்குக் கயிறு மாற்றிக் கொடுத்த மாட்டைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சித்திரையும் வைகாசியும் பின்வீட்டு எருமை எங்கள் சோளத்தைத் தின்று கொழுத்தது. தினமும் அவர்தான் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

ஆடியில் மாடு கிடாரிக் கன்று போட்டது. தம்பி தூக்குவாளி நிறையச் சீம்பால் கொடுத்தனுப்பினான். வெல்லம் தட்டிப் போட்டுக் காய்ச்சி அவருக்கு வைத்தேன். நன்றாக இருக்கிறது, நீயும் சாப்பிடு என்றார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், அவரைத் திட்டிக்கொண்டே.