காதுக்காரி வீட்டு சவுண்ட் கார்டு

தெருவில் அவளைக் காதுக்காரி என்பார்கள். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்த கையோடு, இன்னாருக்கு இன்ன கோளாறு, இன்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பிவிடுவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவது அவள் பிழைப்பு. அந்த டாக்டர்கள் பேசுகிற லட்சணம் இருக்கிறதே, சொல்லி மாளாது. ஒருவர் மூக்கால் பேசுவார். இன்னொருவர் மாடிப்படி ஏறிக்கொண்டே பேசி மூச்சிரைப்பார்.

அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாக்குக் குழறிப் போனபோது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவர் சொல்வது வீட்டில் ஒருவருக்கும் பிடிபடாது. இவள் ஒருத்திதான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, போர்வை கேட்கிறார், ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார் என்று எடுத்துச் சொல்வாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. இன்றைக்கு மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படிப்பதும் அந்தக் காதின் புண்ணியம்தான்.

வேலையில் சேரும்போது, கேட்டதை வெளியே விடமாட்டேன், யாரையும் கேட்க விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். போட்டதோடு மறந்து போகிற ஆள் இல்லை அவள். தூக்கத்தில் உளறிவிடப் போகிறோமோ என்றுகூடப் பயந்த காலம் உண்டு.

வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள். கணவன் டயர் கடையில் வேலை, பாட்டுப் பைத்தியம். கொழுந்தன் வேலை தேடிக்கொண்டே இருக்கிறவன்; தேடுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு. மாமனார் ஓய்வு பெற்ற தபால்காரர். சண்டைப் படம் ஓடாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது, சாயாது.

கம்ப்யூட்டர் அவள் வாங்கியது. அவள் எழுந்தால் போதும், மூன்று பேரும் அதை மொய்த்துக்கொள்வார்கள். மறுநாள் காலையில் அதன் முன்னால் உட்கார அவளுக்கு அருவருப்பாக இருக்கும். ஹெட்போனின் பஞ்சு, கொழுந்தன் தலை எண்ணெயில் ஊறிப் பிசுபிசுவென்று கன்னத்தில் ஒட்டும். எழுத்துப் பலகையின் இடுக்கெல்லாம் கொறித்துச் சிந்திய தூள். ஒரு நாள் தட்டிக் கவிழ்த்தபோது வெட்டிய நகத்துண்டுகள் விழுந்தன. யாருடைய நகம் என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் கூசியது. ஆஸ்பத்திரியில் செய்கிற மாதிரி ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் எல்லாவற்றையும் துடைத்த பிறகுதான் வேலையைத் தொடங்குவாள்.

அப்படியிருக்க, ஒரு நாள் கொழுந்தன் விளையாட்டு வேகத்தில் ஹெட்போனோடு எழுந்து துள்ளினான். கம்பி இழுபட்டு, அது செருகியிருந்த துளையே பெயர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்டால் சூடான சட்டியில் தண்ணீர் தெளித்தது போல ஒரே இரைச்சல். அந்தத் துளையைச் சரிசெய்ய முடியாது, தனியாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள் என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர்.

சவுண்ட் கார்டு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், வீட்டில் மூன்று பேருக்கும் அருள் வந்துவிட்டது. கணவன் வேலைக்கு லீவு போட, மூவரும் சட்டை மாற்றி, பெண் பார்க்கப் போகிறவர்கள் போல அவளோடு கடைக்குக் கிளம்பினார்கள். பேச்சு தெளிவாகக் கேட்டால் போதும் என்று அவள் கடைக்காரரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஆண்கள் பக்கம் திரும்பி, "பாட்டுக்கா, கேமுக்கா, படத்துக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவள் அந்தக் கடையில் இல்லாத ஆளாகிவிட்டாள்.

பாட்டு என்றால் கூட்டாமல் குறைக்காமல் பாடினது பாடினபடி தருகிற கார்டு வேண்டுமாம். விளையாட்டுக்கு, எதிரி முதுகுக்குப் பின்னால் நடந்து வந்தால் முதுகுக்குப் பின்னாலேயே காலடி கேட்க வேண்டுமாம். படத்துக்கு, நாலு பக்கமும் ஸ்பீக்கர் மாட்டக்கூடிய கார்டுதான் கார்டாம். அண்ணனும் தம்பியும் கடையிலேயே முட்டிக்கொண்டார்கள். கடைசியில் மாமனார் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்த்து, எதன் முதுகில் ஓட்டை அதிகமோ அதுதான் உசத்தி என்று தீர்ப்புச் சொன்னார். பெட்டியின் மேல் வாயைப் பிளந்த பூதம் ஒன்றின் படம். வீட்டுக்கு வரும் வரை அந்தப் பூதம் அவள் மடியில்தான் உட்கார்ந்து வந்தது.

ஓட்டை இருந்தால் அதை நிரப்ப வேண்டாமா? ஸ்பீக்கர்கள் வந்தன. கூடத்து டிவிக்கு இரண்டு பக்கமும் இரண்டு, சோபாவுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் திம் திம் என்று அதிர ஒரு பெட்டி, டிவிக்குக் கீழே நட்டநடுவில் ஒன்று. அந்தக் கம்பிகளும், கம்ப்யூட்டரில் ஓடுவது டிவியில் தெரிய மாட்டிய கம்பியும் அவள் வேலை பார்க்கிற அறையின் கதவுக்கு அடியில் பாம்புக்கூட்டம் போல நுழைந்தது. கொழுந்தன் அரை நாள் உட்கார்ந்து எதை எதையோ அமைத்தான். அன்று கூடத்தில் வெடித்த வெடியில் சமையலறைப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்; அவள் பாத்திரங்களைத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள். இரைச்சல் இல்லை, வாஸ்தவம். டாக்டரும் இல்லை. எங்கோ பக்கத்து அறையில் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். ஒலியைக் கூட்டினாள். முனகல் கொஞ்சம் பெரிய முனகலாயிற்று. அழுத்திப் பிடித்துக் கேட்டுக் கேட்டு, சாயங்காலம் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. கணவனிடம் சொன்னாள். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான், போகப்போகப் பழகிவிடும் என்றான். கொழுந்தனிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, பார்க்கிறேன் அண்ணி என்றான். பார்க்கவில்லை. மாமனாரோ, முன்பெல்லாம் மத்தியானமானால் தெருக்கோடிக் கடையில் போய் உட்காருகிறவர், இப்போது வெளியே போவதையே விட்டுவிட்டார். கணவனும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வரத் தொடங்கினான். நல்ல மாற்றம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள், பாவி.

அலுவலகத்து மேற்பார்வை அம்மாள் போன் செய்தாள். புரியாத இடங்களில் கோடு போட்டு விடுவது வழக்கம். இவள் அனுப்புகிறதில் இப்போது பாதிக்குப் பாதி கோடாக இருக்கிறது, இப்படியே போனால் வேலை அனுப்புவதை நிறுத்த வேண்டிவரும் என்றாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சொல் அவள் வாங்கியதில்லை. அவமானத்தில் ஒலியை எவ்வளவு கூடுமோ அவ்வளவு கூட்டி வைத்துக்கொண்டு தட்டினாள்.

ஒரு மத்தியானம் தொண்டை வறண்டது. பதிவை நிறுத்தாமலே ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வைத்த பிறகும் டாக்டர் குரல் கேட்டது. இத்தனை நாள் அவள் கேட்டிராத அளவுக்குக் கணீரென்று கேட்டது. கதவைத் திறந்தாள்.

கூடத்தில் மூன்று பேரும் டிவிக்கு எதிரே கூடியிருந்தார்கள். டிவி இருட்டாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த நடு ஸ்பீக்கரிலிருந்து, ஒரு பெண்ணின் காலில் இருந்த புண்ணைப் பற்றி, அதன் ஆழம், அதன் நாற்றம், அதில் வடிகிற சீழின் நிறம் எல்லாவற்றையும் டாக்டர் விவரித்துக்கொண்டிருந்தார். கணவன் மடியில் தட்டை வைத்துப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமனார் மோட்டுவளையைப் பார்த்தபடி உச்சுக்கொட்டினார். கொழுந்தன் சோபாவில் மல்லாந்து கிடந்தான்.

அவள் ஓடிப்போய்ப் பதிவை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஏம்மா நிறுத்திட்டே?" என்றார் மாமனார். "காலை எடுக்கணுமா வேணாமான்னு இப்பத்தான் சொல்ல வந்தாரு."

எத்தனை நாளாக என்று கேட்டாள். கார்டு வந்ததிலிருந்தே என்றான் கொழுந்தன், தரையைப் பார்த்து. படத்தில் பேச்செல்லாம் நடு ஸ்பீக்கரில் வர வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறானாம். டாக்டர் பேசுவதும் பேச்சுதானே, அது நேராக அங்கே போய்விடுகிறது, ஹெட்போனுக்கு மிச்சம்மீதிதான் வரும். மாற்றினால் விளையாட்டுக்கு வைத்ததெல்லாம் கலைந்து போகும் என்பதால் சொல்லவில்லையாம்.

"இதுல என்ன இருக்கு?" என்றான் கணவன், விரலை நக்கியபடி. "எவ்வளவு தெளிவா இருக்கு பாரு. நல்ல கார்டுன்னு நான் அன்னிக்கே சொல்லல?"

"எனக்குக் கேக்காதது உங்களுக்குத் தெளிவா இருக்குதாங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு மாமனாரிடம் திரும்பினாள். "மாமா, ஊர் லெட்டரெல்லாம் காலமெல்லாம் சுமந்தீங்களே. ஒண்ணையாவது பிரிச்சுப் படிச்சிருக்கீங்களா?"

"அது வேற, அம்மாடி," என்றார் கிழவர். "அது ஒட்டியிருந்துச்சு."

மெல்ல மெல்ல இன்னும் வெளியே வந்தது. நோயாளிகளுக்கு இவர்களே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மூச்சுக்காரர், மூலக்காரர், கால் அம்மா. யாருக்குப் பிழைக்கிற யோகம் இருக்கிறது என்று தங்களுக்குள் பந்தயம் கட்டியிருந்தார்கள். கணவன் டயர் கடையில் ஒருவனிடம் மட்டும், அதுவும் பேரைச் சொல்லாமல், சிரிப்புக்காக மூலக்காரர் கதையைச் சொல்லியிருக்கிறான். பேரைச் சொல்லவில்லை என்பதை ஏதோ பெரிய தர்மம் செய்த மாதிரி சொன்னான்.

அவள் திருப்புளியை எடுத்து வந்து கம்ப்யூட்டரை அணைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, அந்தக் கார்டைப் பிடுங்கினாள். அது சாப்பிட்டு உட்கார்ந்த பிராணி போலக் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. கணவனின் எச்சில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கதவுக்கு அடியில் போன கம்பிகளை எல்லாம் கூடத்துப் பக்கம் காலால் தள்ளிவிட்டாள். பிறகு போனைக் கையில் எடுத்தபோதுதான் மூன்று பேருக்கும் முகம் செத்தது.

"யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் கணவன். "சொன்னா உன் வேலைதான் போவும். பொண்ணு படிப்பை யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டேன்," என்றாள். "நாளைக்கு அவளுக்கு ஒரு வியாதி வந்து டாக்டர்கிட்டப் போவா. எவன் வீட்டுக் கூடத்துல எவன் சோறு தின்னுக்கிட்டே கேப்பான்னு யோசிச்சுட்டேன்."

மேற்பார்வை அம்மாளிடம் எதையும் மறைக்கவில்லை. டயர் கடையையும் சேர்த்தே சொன்னாள். இப்போதைக்கு வேலை எதுவும் வராது, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள். இவள் மகளுக்கு விஷயத்தைச் சொல்லி, அந்தப் பருவத்துப் படிப்புக் கட்டணத்துக்குத் தன் வளையல்களைக் கழற்றி விற்றுப் பணம் அனுப்பினாள். வீட்டு ஆண்களோடு பேச்சு இல்லை. அவர்கள் குடித்த டம்ளரைக் கழுவக்கூட அவளுக்குக் கை வரவில்லை, அவரவர் கழுவிக்கொண்டார்கள்.

கடைக்கு இந்த முறை தனியாகப் போனாள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் பாட்டுக்கா என்று தொடங்கினார்.

"பாட்டு வேணாம், கேம் வேணாம், படமும் வேணாம்," என்றாள். "ஒருத்தர் பேசினா என் காதுக்கு மட்டும் வரணும்."

அவர் இழுப்பறையைத் துழாவி, தூசி படிந்த கட்டைவிரல் அளவு சாமான் ஒன்றை எடுத்துப் போட்டார். ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும், மறுமுனையில் ஹெட்போன். "இது எதுக்கும் ஆவாதும்மா. யாருமே வாங்க மாட்டாங்க," என்றார். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று வாங்கி வந்தாள். அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளும் மாட்டினாள். வேலை வருமோ வராதோ, மாட்டிவைத்தாள்.

மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மேற்பார்வை அம்மாளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. ஒன்றே ஒன்று. இதைச் செய்யுங்கள், பார்க்கலாம் என்றிருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். யாரோ முன்பின் கேட்டிராத ஒரு டாக்டர், எதையோ வாய் நிறைய மென்றுகொண்டே பேசினார். மெல்லுவது, நாக்கால் பல்லிடுக்கைத் துழாவுவது, கடைசியில் மடக்கென்று விழுங்குவது, ஒவ்வொன்றும் அவள் காதுக்குள்ளேயே நடப்பது போலக் கேட்டது. சீ என்று ஹெட்போனைக் கழற்றிக் காதை முந்தானையால் துடைத்தாள். அறையில் சத்தம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் இல்லை. திரும்ப மாட்டிக்கொண்டு முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள். ஒரு கோடுகூட விழவில்லை.