முதல் நாற்காலியில் நின்ற கை

என் தம்பி எனக்கு எழுபதாயிரம் கடன்பட்டிருந்தான். இதில் மென்று விழுங்க ஒன்றும் இல்லை. தனியாகச் சலூன் வைக்கிறேன் என்று கிளம்பினான். ஒரு வருடம்கூட ஓடவில்லை, வட்டிக்காரன் கழுத்தைப் பிடித்துவிட்டான். நான் போய்ப் பணத்தைக் கட்டி மீட்டுக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து என் கடையில் மூன்றாவது நாற்காலி அவனுடையது. கடன் கழியும்வரை சம்பளம் இல்லை. சாப்பாடும் தங்கலும் என் பொறுப்பு. அதுதான் பேச்சு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஒரு மடக்கு நாற்காலியும் விரிசல் விட்ட கண்ணாடியும் வைத்துத் தெருவோரம் தொடங்கியவன். இன்று மூன்று நாற்காலி, ஏசி, சுவர் முழுக்கக் கண்ணாடி. வாசலில் என் பெயர் போட்ட பலகை இருக்கிறதே, இந்தத் தெருவில் அதைவிடப் பெரிய பலகை கிடையாது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

தம்பியை வாடிக்கைக்காரர்கள் ‘தாலாட்டு’ என்று கூப்பிடுவார்கள். அவன் கத்தியைக் கன்னத்தில் வைத்தால் ஆள் தூங்கிவிடுவார். அப்படி ஒரு கை. வாய்தான் கிடையாது. “தாலாட்டு, ஊரையெல்லாம் தூங்க வைக்கிற, நீ எப்பப்பா முழிச்சுக்கப் போற?” என்று யாராவது சீண்டினால் சிரித்துவிட்டுத் துணியை உதறுவான். நான் எதைச் சொன்னாலும் “சரிண்ணே”. வருடக்கணக்காக அந்த ஒரு சொல்தான்.

கடைக்கு மேலே சின்ன அறையில் படுப்பான். அதற்கு ஒரே ஜன்னல். அதையும் என் பலகை மூடியிருந்தது. திறந்தால் பலகையின் முதுகும் துருப்பிடித்த கம்பிகளும் தெரியும், வேறெதுவும் தெரியாது. கீழே வந்தால் எதிரெதிரே கண்ணாடிகள். ஒரு தம்பிக்குப் பின்னால் இன்னொரு தம்பி, அவனுக்குப் பின்னால் இன்னொருவன், எல்லார் கையிலும் கத்தி, யாருக்கும் வாசல் இல்லை. நான் அப்போது அதையெல்லாம் எங்கே பார்த்தேன்? கண்ணாடிக்கு ஆன செலவைத்தான் பார்த்தேன்.

தினமும் கடை திறந்ததும் முதல் நாற்காலியில் நான் உட்காருவேன். தம்பி எனக்குச் சவரம் செய்வான். ஒருநாள் கத்தி என் தொண்டைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

“என்னடா?”

“விரல் பிரியலண்ணே.”

கண்ணாடியில் பார்த்தேன். கத்தியை இறுக்கிய முஷ்டி, கல் மாதிரி. அவன் நெற்றியெல்லாம் வியர்வை. மெல்லத் தலையைப் பின்னுக்கு இழுத்து எழுந்தேன். வெந்நீர் ஊற்றித்தான் கத்தியை எடுக்க முடிந்தது. மறுநாளும் அதே இடத்தில் நின்றது. முதலில் என் கழுத்தில் மட்டும். போகப் போக யார் கழுத்திலும் கை நகரவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். கை போனால் அவனுக்கு வேறென்ன இருக்கிறது? மாடி அறையை விட்டு இறங்குவதையே குறைத்துக்கொண்டான்.

தாடி திருத்த வரும் ஒரு மனநல டாக்டர் இதைக் கேட்டுவிட்டு அவனை வரச் சொன்னார். சில வாரம் போய்வந்தான். பிறகு என்னையும் கூப்பிட்டார்.

“அண்ணன்கிட்டயும் அந்தக் கனவைச் சொல்லுங்க” என்றார்.

தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னான்: “நான் நம்ம கடை நாற்காலியில உக்காந்திருக்கேன். கழுத்துல துணி கட்டியிருக்கு. அவிழ்க்கப் பாக்கறேன், முடியல. துணி நீண்டு வாசல் தாண்டிப் போகுது. அது மேல நின்னுக்கிட்டு நீங்க எல்லாருக்கும் கடையைச் சுத்திக் காட்டறீங்க.”

“நான் உன் துணியை எதுக்குடா மிதிக்கறேன்?” என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை.

“கை கெட்டுப் போகலைங்க. காவல் காக்குது.”

“யாரை?”

“உங்களை. உள்ளே ஒரு கோபம் கிடக்கு, அது இவருக்கே தெரியாம இருந்தது. மேல் மனசு ‘சரிண்ணே’ங்குது, அடி மனசு வேற என்னமோ சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட கை, எதுவும் நடந்துடக் கூடாதுன்னு மூடிக்கிச்சு. என்ன வேணும்னு வாய் சொல்லிட்டா, கை சொல்ல வேண்டியிருக்காது.”

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு செங்கல்லையும் நான் காசு கொடுத்து வாங்கிய கடை. அதற்குள் எனக்கும் தெரியாமல், குடியிருப்பவனுக்கும் தெரியாமல் ஒரு அறையா?

வீட்டில் சொன்னேன். என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்: “ஏங்க, மூணாவது நாற்காலிக்கு வேற ஆள் போட்டிருந்தா மாசம் என்ன கொடுத்திருப்பீங்க?”

கணக்கில் என்னை அடிக்க ஆள் கிடையாது. மனதிலேயே போட்டேன். சாப்பாடு, தங்கல் எல்லாம் கழித்தாலும் கடன் இரண்டாவது வருடமே தீர்ந்திருந்தது. மிச்சத்தையும் போட்டேன், பெரிய தொகை.

வங்கிக்குப் போய் எடுத்தேன். அடுத்த நாள் பணப்பையை மடியில் வைத்து, மேலே துணி போர்த்தி, முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“வாடா. ஷேவ் பண்ணு.”

“வேண்டாண்ணே. உங்களுக்குப் பயமா இல்லையா?”

“எனக்கா? பயமா? என்னை யாருன்னு நினைச்ச?”

“எனக்கு இருக்குண்ணே.”

ஆனாலும் நுரை தடவினான். கன்னம் முடிந்தது. தொண்டையில் கத்தி வந்து நின்றது. முஷ்டி இறுகுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். இந்தத் தடவை நான் தலையை இழுக்கவில்லை, எச்சில்கூட விழுங்கவில்லை. அவன் மூச்சு என் காதில் பட்டது.

“அண்ணே.”

“சொல்லு.”

“நான் போறேன். இந்தக் கடையில என்னால முடியல. உங்க பலகைக்குப் பின்னாடி எனக்கு மூச்சு முட்டுது. தனியாக் கடை போடறேன். மறுபடியும் தோத்தாலும் பரவால்ல.”

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“சரிடா” என்றேன்.

கத்தி நகர்ந்தது. முதலில் மெதுவாக, அப்புறம் பழைய மாதிரி. முடித்துப் படிகாரம் தேய்த்துத் துணியை அவிழ்த்தான். மடியில் இருந்த பையைப் பார்த்து விழித்தான்.

“என்னண்ணே இது?”

“உன் சம்பளம். கடன் போக மிச்சம். யார் காசையும் நான் வச்சுக்கிட்டது கிடையாது. கையை நீட்டு.”

இடது கையை நீட்டினான்.

“அது இல்லடா. அந்தக் கை.”

வலது கையை நீட்டினான். முஷ்டி பாதி மூடித்தான் இருந்தது. நான் காத்திருந்தேன். ஒவ்வொரு விரலாகப் பிரிந்தது. கத்திப்பிடி பதிந்த தழும்போடு அந்த உள்ளங்கை விரிந்ததும், முதல் நோட்டை வைத்து, வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன்.