தீப்பெட்டி ஆபீஸ் கொடுத்த வயது

இன்று விளாத்திகுளம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, பருத்தி திருடிப் பிடிபட்ட மகனுக்காகக் கோவில்பட்டி கோர்ட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

"பதினாறுக்குள்ளன்னா ஜெயில் கிடையாதாம், சின்னப்பிள்ளைக கோர்ட்டாம். அவனுக்குப் பதினஞ்சுதான் நடக்கு."

"அதச் சொல்ல வேண்டியதுதானக்கா?" என்றேன்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல வேலைக்குச் சேக்கையில, சின்னப்பயன்னா எடுக்க மாட்டாவன்னு ரெண்டு வயசு கூட்டிச் சொல்லிட்டேன். அங்கன பதினேழுன்னுல்லா இருக்கு. போலீஸ் அதத்தான் நம்புதாவ."

முன்சீட்டில் பேப்பர் படித்த அண்ணாச்சி திரும்பினார். "அந்த வயச பதினெட்டா ஒசத்தணும்னு மெட்ராஸ்ல பேசுதாவம்மா."

அக்கா நிமிர்ந்தார். "பதினோரு மணிக்குக் கேசு. அதுக்குள்ள ஒசத்திருவாவளா அண்ணாச்சி?"

அவர் பேப்பரை மடித்துவிட்டார்.

என் வயதும் பள்ளிக்கூடத்தில் சார்வாள் உத்தேசமாக எழுதியதுதான். கோர்ட்டில் நின்றால் எனக்கு எத்தனை வயது?

உங்கள் வயதை யார் முடிவு செய்தது? எனக்கு ஒரு தபால் கார்டு போடுங்கள்.