மேற்கே திருப்பிய டிஷ்

சித்திரை மாத உச்சி வெயிலில் மாமா மொட்டை மாடியில் நின்று நிழலைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு கம்பியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலை வைத்துத் தெற்கைக் குறிப்பது அவருடைய திட்டம். ஆனால் எங்கள் ஊரில் அந்த நாட்களில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். கம்பியின் அடியில் ஒரு பொட்டு அளவு கருமை, அவ்வளவுதான். "நெழலக் காணோமேம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் காலை எட்டு மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கரிப்புள்ளி வைத்தார். சாயங்காலம் நிழல் அதே நீளத்துக்கு வந்தபோது இன்னொரு புள்ளி வைத்து, இரண்டையும் நூல் பிடித்து இணைத்தார். அது கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே போட்ட கோட்டில் தெற்கு கிடைத்தது. டிஷ்ஷுக்கு மோட்டார் வைக்கவேண்டுமென்றால் அந்தத் தெற்கு மயிரிழைகூடப் பிசகக் கூடாது என்றார்.

மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் மெஷின் ஓட்டியவர். காலண்டர் படங்களில் நான்கு கலரும் ஒன்றின் மேல் ஒன்று துல்லியமாக உட்கார வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் படத்திலிருப்பவருக்கு இரண்டு உதடு வந்துவிடும். அந்த நகர்வைப் பூதக்கண்ணாடி வைக்காமலே கண்டுபிடிப்பவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் வீடு எம். புதுப்பட்டி போகும் சாலையில் இருக்கிறது. விடிந்தால் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும். கொரோனா ஊரடங்கில் அந்த வேன்களும் நின்று, அச்சகங்களும் பூட்டிக் கிடந்தன. மாமாவின் ஒரே மகன், என் கணவர், வளைகுடா நாடு ஒன்றில் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அறையில் எட்டுப் பேர். விமானமும் நின்றுபோயிருந்தது.

தினமும் போன் பேசுவார். "இங்க ஒண்ணுமில்ல, நீங்க பத்திரமா இருங்க" என்பார். மாமா அதை நம்பவில்லை. "அவன் சொல்றதுல பாதி நமக்காகச் சொல்றது" என்றார். அந்த நாட்டுச் செய்தியை அந்த நாட்டுக்காரன் வாயால் கேட்டால்தான் உண்மை தெரியும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மாடியில் பழைய ஆறடி வலை டிஷ் இருந்தது. இலவச சேனல்கள் வரும் ஒரு திசையில் வருடக்கணக்காக அசையாமல் நின்ற டிஷ் அது. ஒருநாள் போல்ட்டுகளைத் தளர்த்தி, கையாலேயே அதை மேற்கே சாய்த்துச் சாய்த்து, பொழுது சாயும்போது அந்த நாட்டுச் சேனலைப் பிடித்துவிட்டார். மாமிக்குத் தமிழ்ச் சேனல் எதுவும் வரவில்லை. அவற்றைத் திரும்பக் கொண்டுவர மறுநாள் பாதிப் பொழுது போனது. "அவன் மொகமா அதுல தெரியப்போகுது? எனக்குப் பொழுது போக அது ஒண்ணுதான இருக்கு" என்று மாமி அழுதார். அன்றைக்குத்தான் மாமா, டிஷ்ஷை இரண்டு பக்கமும் திருப்பும் மோட்டார் பற்றிப் பேசினார்.

மல்லாங்கிணறு என்ற ஊரில் கேபிள் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய மோட்டார் கிடந்தது. மாமா காய்கறி லோடு வண்டியில் ஏறிப் போய், தக்காளிப் பெட்டிகளுக்கு அடியில் சாக்கில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். வழியில் நிறுத்திய போலீஸ்காரர், "தண்ணி மோட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். "மோட்டாருதாங்க" என்று சொல்லித் தப்பித்து வந்ததை மாமா சிரிக்காமல் சொன்னார்.

நீளமான இரும்புக் கைதான் அந்த மோட்டார். பொத்தானை அழுத்தினால் கை மெல்ல நீண்டு டிஷ்ஷைத் தள்ளும். இன்னொரு பொத்தானுக்குச் சுருங்கி இழுக்கும். கையின் நுனியை ஒரு போல்ட்டால் டிஷ்ஷின் முதுகில் பிணைத்தார். நான்கு வயர்களை ஜன்னல் வழியாகக் கூடத்துக்கு இறக்கினார். மூன்றாம் நாள் அவர் பொத்தானை அழுத்த, மாடியில் மாவு மில் தூரத்தில் ஓடுவது போல ஒரு சத்தம். தமிழ்ச் சேனல் மறைந்து, திரை கறுத்து, என்னென்னவோ மொழிகள் ஒவ்வொன்றாக வந்து போயின. கடைசியில் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் செய்தி வாசித்தார். மாமா என்னைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்தார்.

எனக்கு அரபி தெரியாது, ஆனால் வாசிப்பேன். சிறு வயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதப் படித்த எங்கள் எல்லாரையும் போலத்தான். எழுத்து தெரியும், பொருள் தெரியாது. குர்ஆனிலாவது எழுத்துக்கு மேலும் கீழும் உச்சரிப்புக் குறிகள் இருக்கும். திரையின் அடியில் ஓடிய வரிகளில் அதுவும் இல்லை. தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மாமா மோட்டாரை ஓட்டுவார். நான் எழுத்துக் கூட்டுவேன். நாங்கள் தேடியது ஒரே ஒரு சொல்லை: என் கணவர் தங்கியிருந்த பேட்டையின் பெயர். மற்றவை எனக்கு வெறும் சத்தம். ஆனால் எங்கள் பேச்சிலேயே புழங்கும் சில அரபுச் சொற்கள் உண்டு. மவுத், வபாத். இரண்டுக்கும் சாவு என்று பொருள். அந்த வரிகளில் எனக்குப் புரிந்த சொல் பெரும்பாலும் அது ஒன்றாகவே இருந்தது. கைகால் கழுவி ஒளு செய்து மட்டுமே தொட்டுப் பழகிய எழுத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. ஒரு மாதம் அப்படி ஓடியது. பேட்டையின் பெயர் எப்போதாவது வரும். வந்த வேகத்தில் போய்விடும். சாயங்காலம் போன் வந்துவிட்டால் எல்லாரும் மூச்சு விடுவோம்.

வைகாசியில் ஒருநாள் போன் வரவில்லை. மறுநாளும் சுவிட்ச் ஆஃப். மாமியிடம், கம்பெனியில் சிம் மாற்றுகிறார்களாம் என்று சொல்லிவைத்தேன். அன்று அஸருக்குப் பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது வானம் மூடிக்கொண்டு வந்தது. வரி ஓடத் தொடங்கியது. ஓர் எண். வபாத். அதற்கு ஒட்டினாற்போல அந்தப் பேட்டையின் பெயர்.

"என்னம்மா, நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல மாமா. வேகமா ஓடுது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செய்தி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாது. வபாத் என்பது அந்தப் பேட்டையைச் சேர்ந்ததா, அதற்கு முன்னால் போன வரியைச் சேர்ந்ததா? வரி மறுபடி சுற்றி வரப் பத்து நிமிடமாகும். நான் அடுப்படிக்குப் போய்ப் பள்ளிவாசல் ஹஜரத்துக்குப் போன் போட்டேன். அவர் அரபி படித்தவர். "லைன்லயே இரு. ஓட ஓட எழுத்தச் சொல்லு, நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்ப வந்தபோது காற்று கிளம்பிவிட்டது. தென்னை மட்டை ஒன்று எங்கோ முறிந்து விழுந்தது. படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுபோயிற்று. மாமா பொத்தானை அழுத்தினார். மேலே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, படம் வரவில்லை. "போல்ட்டு அறுந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் படியேறினார். பின்னாலேயே ஓடினேன். மோட்டாரின் கை தனியாக நீண்டு நிற்க, டிஷ் காற்றில் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தது. மாமா அதன் விளிம்பை வலது தோளில் முட்டுக்கொடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மேற்கே மின்னல் வெட்டியது.

"விட்டுட்டு இறங்கி வாங்க மாமா. இடி இடிக்கு."

"நீ கீழ போ. உங்க மாமிய சத்தங் குடுக்கச் சொல்லு."

மாமி படிக்கட்டில் நின்று, "வந்துருச்சு" என்றும் "போயிருச்சு" என்றும் குரல் கொடுத்தார். எதற்காக இத்தனை பாடு என்று அவருக்குத் தெரியாது. மாமா மேலே அங்குலம் அங்குலமாக நகர்த்தியிருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் படம் வந்தது; வந்து அப்படியே நின்றது. மழை தகரத்தில் அறைந்த சத்தத்தில் எனக்கு ஹஜரத்தின் குரலே சரியாகக் கேட்கவில்லை. வரி வந்தது. எண்ணைச் சொன்னேன். வபாத் என்றேன். "அது நாடு முழுக்கச் சேத்துச் சொன்ன கணக்கும்மா. அங்கன ஒரு செய்தி முடிஞ்சிருச்சு. மேல சொல்லு" என்றார். பேட்டையின் பெயரையும் அடுத்து வந்த எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு இடத்தில் திக்கினேன். அவர் அவற்றைச் சேர்த்து வாசித்துப் பார்த்தார். "தண்ணிக் குழாய் வேல பாக்காகளாம். அந்தப் பகுதிக்கு நாளைக்குத் தண்ணி வராதாம். அம்புட்டுதாம்மா" என்றார்.

மாடிக்கு ஓடினேன். மாமா நனைந்து, கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே நின்றிருந்தார்.

"தண்ணிக் குழாய் வேலையாம் மாமா. வேற ஒண்ணுமில்ல."

"அந்த வபாத்து?"

அன்று நான் அந்தச் சொல்லை அவர் காதுபட வாசிக்கவே இல்லை. "ஒங்களுக்கு எப்படி..." என்று கேட்கத் தொடங்கினேன்.

"ஒரு மாசமாப் பாக்கேன்ல. படிக்கத்தான தெரியாது. எழுத்தோட மொகங்கூடவா தெரியாது?"

தனக்குத் தெரியாத எத்தனையோ மொழிகளில் நோட்டீஸும் காலண்டரும் அச்சடித்தவர். அந்தச் சொல்லையும் பேட்டையின் பெயரையும் எனக்கு முன்பே அடையாளம் கண்டிருக்கிறார். கண்டுகொண்டுதான் மேலே ஏறியிருக்கிறார். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல்தான் அவ்வளவு நேரமும் அந்த டிஷ்ஷைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். நாடு முழுவதற்குமான கணக்கு என்று நான் சொன்ன பிறகுதான் விளிம்பை விட்டார். வலது கை கீழே இறங்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து என் கணவர் பேசினார். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போனும் சார்ஜரும் அறையிலேயே கிடந்திருக்கின்றன. நாங்கள் பயந்தது பொய்யில்லை. அது அந்த வரிகளில் இல்லை, அவ்வளவுதான். பிழைத்துக்கொண்டார். ஏழு மாதம் கழித்து ஊர் வந்து சேர்ந்தார். அவர் வருவதற்கு முந்தின நாள் மாமா என்னிடம், "தோள் வலியப் பத்தி அவன்ட்ட ஒண்ணும் பேச வேண்டாம். எதுக்கு மேல ஏறுனீகன்னு கேப்பான்" என்றார். அந்தக் கை அதன் பிறகு தோளுக்கு மேல் எழவே இல்லை.

என் கணவர் திரும்ப வெளிநாடு போகவில்லை. இப்போது காலண்டர் ஆர்டர் பிடித்துக்கொடுக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது தகப்பனாருக்கு அவர்தான் சட்டை மாட்டிவிடுவார். வயசானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டால், "வலியெல்லாம் ஒண்ணுமில்லப்பா, கைதான் எழமாட்டேங்குது" என்று மாமா சொல்லிவிடுவார். சொல்லிவிடாதே என்பதுபோல என்னைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். எனக்கு அது தாங்கவில்லை. இதுவரை எழுதியதும் முதலில் என் கணவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் தகப்பனாருக்குப் பின்னால் நின்றார். பிறகு அந்தத் தோளின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எங்கன வலிக்குது, அத்தா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் இடது கையைக் கொண்டுபோய், மகனின் கையை இரண்டு விரல்கடை கீழே நகர்த்தி வைத்தார்.

"இங்கன" என்றார்.