மஞ்சள் மீனின் ஒருசந்தி

எனக்குச் சம்மனசு மீன்தான் வேண்டும். கடைக்காரர் ஏஞ்சல் என்று சொன்ன உடனேயே, கோயில் பீடத்துச் சம்மனசுகள் தொட்டிக்குள் இறங்கிவிட்டதாக ஏழு வயதில் முடிவுகட்டிவிட்டேன். கலியாணமான புதிதில் சித்தியோடு எங்கள் வீட்டில் இருந்த சித்தப்பா தேடியது வேறு: சிக்ளிட் சாதியில், எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளின் கையிலும் சாகாமல் குஞ்சு பொரிக்கிற மீன்.

"வீடு எங்க?" என்றார் கடைக்காரர்.

"உப்புக்குளம்."

"கேத்திலுக்குள்ள வெள்ளை படியுதோ?"

"சுரண்டிச் சுவருக்குப் பூசலாம்," என்றார் சித்தப்பா.

"அப்ப ஏஞ்சல் வேண்டாம். உங்கட சுண்ணாம்புத் தண்ணியில முகத்தைத் தூக்கிவைச்சுக்கொண்டு நிக்கும். இந்த மஞ்சளுக்கு அந்தத் தண்ணியெண்டா உயிர். சும்மா விட்டாலே குஞ்சு வரும்."

எப்படி வரும் என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை; மஞ்சள் மீன்களையே வாங்கி வந்தோம்.

கறிக்கு உதவாததை மீன் என்றே ஒப்புக்கொள்ளாத அம்மா ஒரு நிபந்தனை போட்டார்: ஒன்று செத்தாலும் தொட்டி முற்றத்துக்குப் போகும், கருவாட்டுக்கு உப்புப் போட.

தவக்காலம் தொடங்கியதும் மஞ்சள்களில் பெரியது சாப்பாட்டை நிறுத்தியது. "அது ஒருசந்தி இருக்குது," என்றார் அம்மா. நான் அப்படியே நம்பினேன். விரதம் இருக்கும் மீன் மன்னாரில் வேறு யாரிடம் இருக்கிறது? பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். தாராபுரத்து முஸ்லிம் கூட்டாளி மட்டும், "நோன்பெண்டா பொழுதுபட்டாத் திறக்க வேணுமே, உன்ர மீன் எப்ப திறக்கும்?" என்று கேட்டான். எங்கள் நோன்பு நீளம் என்று சமாளித்தேன்.

சில கிழமைகள் போனபின் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்ரர் ஒரு குண்டைப் போட்டார்: ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருசந்தி இல்லையாம். அன்றைக்கோ ஞாயிறு. காலையிலும் அது ஒன்றும் தின்னவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். மீன் தொண்டை வீங்கி நின்றது. கூகைக்கட்டு, சந்தேகமே இல்லை. பிறகு அதை வலையால் கோலிக் கோப்பைக்குள் விட்டு, அருள்நிறைந்த மரியே மந்திரத்தில் பாதி சொல்லி, வாயைத் திறக்க விரலை நீட்டினேன். அது துப்பியது. பொடிப்பொடியாக மஞ்சள் குஞ்சுகள், ஒன்றின்மேல் ஒன்று உருண்டு வந்தன.

"அம்மா, இது ஆரின்ரையோ பிள்ளையளை விழுங்கியிருக்கு!"

சித்தப்பா வந்து பார்த்தார். பிறகு என்னைத் தூக்கிச் சுழற்றினார். "விழுங்கேல்லையடா விசரா, வாய்க்குள்ள அடைகாத்திருக்கு. அதுதான் சாப்பிடேல்லை." குஞ்சுகள் தொட்டிக்குப் போயின. தொட்டி கூடத்திலேயே நின்றது. நான் தெருவில் நான்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் எல்லோரும் இறால் கறியோடு உட்கார்ந்தோம். சித்தி மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு இல்லை. இந்த விஷயத்தில் அந்த வீட்டில் என்னைவிட விளக்கமானவர் யார்? எழுந்து போய்ச் சித்தியின் கதிரைக்கு முன்னால் நின்றேன்.

"சித்தி, ஆ எண்டுங்கோ."

சித்தப்பாவுக்குப் புரைக்கேறியது. அம்மா சித்தியைப் பார்த்தார், சித்தி நிலத்தைப் பார்த்தார். பிறகு சித்தி சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து நெற்றியில் சிலுவை போட்டார்.

நான் நாக்குக்கு அடியிலும் வடிவாகப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் வாய்க்கு இவர்கள் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.