அருளப்ப உபதேசியாரின் வலது கை

குருமடத்தில் சேர வந்திருந்த மூன்று இளைஞர்களின் கைகளை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. அங்கே ஆசிரியக் குருவான என் வேலைகளில் அதுவும் ஒன்று. பூசையில் அப்பத்தை ஏந்துகிற பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லாதவர் குருவாக முடியாது என்பது திருச்சபைச் சட்டம். செங்கல்பட்டு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த மீனவர் ஒருவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: “சாமி, நம்ம உபதேசியாரு பூட்டாரு. விஷக்காய்ச்சலு. மூணு நாளா சாமியாரைக் கேட்டுகினே இருந்தாரு.” பங்குச் சாமியார் வேறு ஊர்களுக்குப் போயிருந்தாராம். சாகுமுன் குருவானவர் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் பெறாமலே அருளப்பர் கண்ணை மூடிவிட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாமல்லபுரத்திற்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். நான் தாலுக்கா கச்சேரிக் குமாஸ்தாவின் மகன். இருவரும் ஒரே நாளில் குருமடத்தில் சேர்ந்தோம். லத்தீன் அவருக்கு வேப்பங்காய். ஆனால் எங்களுக்குத் தேவ அழைத்தல் உண்டா, இல்லையா என்று நாங்களெல்லாம் தியான நாட்களில் குழம்பித் தவித்தபோது, அவர் மட்டும் நிம்மதியாகத் தூங்கினார். கேட்டால், “எங்க குப்பத்துல சாவக் கெடக்கிறவன் சாமியார் வர்றதுக்குள்ள செத்துப்பூடறான். அதுக்குத்தான் நான் வந்தேன்” என்பார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஐம்பதாம் வருடக் கோடை விடுமுறையில் நான் அவர் ஊருக்குப் போனேன். மாணவர்கள் கடலுக்குள் போகக்கூடாது என்பது குருமட விதி. மீறியது தெரிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆசை யாரை விட்டது? நச்சரித்து நச்சரித்து, யாருக்கும் தெரியாமல் அவருடைய அண்ணனின் கட்டுமரத்தில் இருவர் மட்டும் போனோம். திரும்பிக் கரையேறும்போது என்னைக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். கையில் சுற்றாதே என்று இரண்டு முறை எச்சரித்தார். நான் அலைக்குப் பயந்து சுற்றிக்கொண்டேன். பின்வாங்கிய அலை மரத்தை இழுத்தது. அருளப்பர் பாய்ந்து வந்து சுருக்குக்குள் தம் கையை நுழைத்து நெம்பினார். என் கை வெளியே வந்தது. அடுத்த இழுப்பில் கயிறு அவருடைய விரல்கள்மேல் இறுகிற்று. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எந்த இரண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கட்டிலருகே நின்று அழுதேன். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “வாயத் தொறக்காத. ரெண்டு பேரும் வூட்டுக்குப் போய் இன்னா ஆவப்போவுது? ஒருத்தனாவது பீடம் ஏறு.”

தாம் தனியாகக் கடலுக்குப் போனதாகவே குருமட அதிபரிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நட்புக்காக மௌனம் காத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பயம்தான் காரணம். ரோமாபுரிக்கு எழுதி விலக்குக் கேட்கலாமா என்று அதிபர் யோசித்தாராம். விதியை மீறி விளையாடப் போனவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். இன்னொருவனைக் காப்பாற்றப் போய் இழந்த விரல்கள் என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பார்கள். அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

அவர் குப்பத்துக்கே திரும்பி உபதேசியார் ஆனார். சாமியார் வராத வீடுகளில் சாகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார். நான் குருப்பட்டம் பெற்று அங்கே பூசை வைக்கப் போனபோது, மீதி மூன்று விரல்களால் திராட்சை ரசக் குப்பியை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அதுவரை ‘டேய்’ என்றவர் அன்று முதல் ‘சாமி, நீங்க’ என்றார். வேண்டாம் என்று கெஞ்சினேன். “கஷ்டப்பட்டு சம்பாரிச்ச சாமி. சும்மா வுட்டுருவனா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்தி கேட்டு நான் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவந்து, கால்மாடு பீடத்தைப் பார்க்க வைத்திருந்தார்கள். சடங்கு அப்படித்தான். இறந்தவர் குருவானவராக இருந்தால் மட்டும் தலைமாடு பீடத்தின் பக்கம் இருக்கும், பூசை முடிவில் மக்களைப் பார்த்துத் திரும்பியவர்போல. பெட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னேன். அவருடைய அண்ணன் தயங்கினார்.

“சாமியாருக்குத்தான் அப்டி வைப்பாங்கோ. நம்மளுக்கு இன்னாத்துக்கு?”

அப்போது, அத்தனை பேர் முன்னிலும், அந்தக் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு அவரே தலைமாட்டில் குனிந்தார். மற்ற மூவர் கை கொடுத்தார்கள். பெட்டி திரும்பியது. ஜெபமாலை நிற்காமல் நழுவிக்கொண்டிருந்த அந்த வலது கையை நான் எடுத்து மார்பில் சரியாக வைத்தேன்.

மறைமாவட்டத் தலைவரான மேற்றிராணியாருக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவர் என்ன தீர்ப்புச் சொன்னாலும் தகும்.

அருளப்பா, ஒன்பது வருடம் கழித்து வாயைத் திறந்துவிட்டேன். உனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

போய் வாருங்கள், சாமி.