குசினிக்கும் பைல் அடித்தேன்

மலேசியாவில், பொந்தியான் பக்கம் நாங்கள் வாங்கிய வீடு அசையாது. அதன் கீழே பைல் இருக்கிறது, கெட்டி மண்வரை அடித்து இறக்கிய கான்கிரீட் தூண்கள். பின்னால் நாங்களாக இழுத்துக் கட்டிய குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, அது கிடையாது. அழுகிய வேரும் இலையுமான கறுப்பு மண்ணின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. வருடாவருடம் அமிழ்ந்தது.

எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான், வைத்தியமும் ஒன்றுதான். தீபாவளிக்கு முன்னால் இறங்கிய தரையில் இன்னொரு அடுக்கு சிமெண்டு கொட்டிப் புது டைல் ஒட்டுவார்கள். பண்டிகைக்குப் பளபளக்கும். அந்தப் பாரத்திலேயே அடுத்த தீபாவளிக்குள் இன்னும் இறங்கும். நானும் நான்கு அடுக்கு போட்டவள்தான், யாரைக் குறை சொல்ல?

பிறகு சர்க்கரை நோயில் என் கணவருக்கு ஒரு காலை எடுத்தார்கள். சாப்பாட்டுக் கடையில் சமைத்தே காலம் தள்ளியவர். வீட்டிலும் அடுப்பு அவருடையதுதான். அப்போது ஹாலைவிடக் குசினி அரைச் சாண் இறங்கியிருந்தது. பலகை போட்டுப் பார்த்தோம். தரை சரிந்திருந்ததால் சக்கர நாற்காலி நேராக அடுப்பைப் பார்த்து உருண்டது. அதன்பின் வாசலிலேயே நாற்காலியை நிறுத்தி, நான் வெங்காயத்தைக் கருக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மண்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

தீபாவளி நெருங்கியதும் கான்ட்ராக்டர் வழக்கம்போல டைல் மாதிரிகளோடு வந்தார். மொத்தத்தையும் உடைத்துப் பைல் அடிக்கச் சொன்னேன்.

"அலமாக்! குசினிக்குப் பைலா? ஒரு லேயர் போட்டா முடிஞ்சிச்சி லா, அக்கா."

"நாலு லேயர் போட்டாச்சே, முடிஞ்சிச்சா? உடைங்க."

நாத்தனார் ஓடி வந்தார். "பண்டிகை நேரத்துல இப்படிச் செய்யலாமா அண்ணி? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைச்சிட்டுப் போகட்டும்."

பின்சந்து வழியாகச் சின்ன இயந்திரம் வந்தது. முதல் தூண் சுத்தியலின் இரண்டே அடியில் சரக்கென்று உள்ளே போனது. அதன் தலையில் இன்னொன்றை ஒட்டி அடித்தார்கள், அதுவும் போனது. "இது போதும் அக்கா" என்றார் கான்ட்ராக்டர். நான் ஸ்டூலை இழுத்துப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் இறங்குதுல்ல? நிக்கிற வரைக்கும் அடிங்க."

நான்காவது தூணில் சுத்தியல் எகிறியது. அடி என் பல்லில் தெரிந்தது. தூண் அசையவில்லை. அதன் பிறகுதான் எழுந்தேன்.

அந்தத் தீபாவளிக்குக் குசினியில் கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்குக் கடைச் சாப்பாடு. நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், நான் கண்டுகொள்ளவில்லை.

வேலை முடிந்து, தரை காய்ந்து, அடுப்பு ஏறிய நாளில் அவர் ஹாலிலிருந்து தடங்கலில்லாமல் உருண்டு வந்தார். என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"நகரு."

நகர்ந்தேன். அந்த வருடம் முழுவதும் நான் பணிந்தது அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான்.